நாய்ச் சட்டை

அறுவடைக் காலத்தில் இந்த நெற்பண்ணைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரண்டு வகை. அரிசியை எடைபோட வருகிறவர்கள், ஆட்களை எடைபோட வருகிறவர்கள். அக்லிமா ஜீப்பை விட்டு இறங்கியதிலிருந்து அரிசி மூட்டை இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உல்துகன் அதை அப்போதே கவனித்துவிட்டாள்.

அல்மாட்டியிலிருந்து வந்திருக்கிறாளாம். வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் எந்தச் சடங்கை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று சேகரிப்பதுதான் வேலையாம். இதற்குச் சம்பளமும் உண்டாம். கையில் தோலுறை போட்ட ஒரு டேப் ரெக்கார்டர். பண்ணை அலுவலகத்தில் யோசித்துப் பார்த்து, எசென்பெக் வீடுதான் சுத்தமான வீடு, நாலைந்து நாள் அங்கேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

எசென்பெக் உல்துகனின் கணவன். அடுத்த மாதம் அவனைப் பிரிவுத் தலைவனாக்குவதாகப் பேச்சு. மதம், சடங்கு என்றாலே அரசாங்கத்துக்கு ஆகாத காலம் அது. பக்கத்துப் பண்ணைத் தலைமையாசிரியர் தன் அப்பாவின் அடக்கத்துக்கு முல்லாவைக் கூப்பிட்டதற்காக மாவட்டப் பத்திரிகையில் பெயர் நாறி, வேலையும் போய், இப்போது பன்றிக் கொட்டடியில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். எசென்பெக் வயலுக்குக் கிளம்பும்போது மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்.

"தேத்தண்ணி குடு, கறி போடு, மெத்தை விரி. வாய மட்டும் தொறக்காத."

வாயைத் திறக்காமல் இருப்பது உல்துகனுக்குப் பெரிய காரியமில்லை. வீட்டை எப்படி மூடிவைப்பது? உள்ளறைத் தொட்டிலில் மகன் இருந்தான், பிறந்து இன்னும் நாற்பது நாள் முடியாத சிசு. இவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு பையன்களும் நாற்பதைத் தாண்டாமலே மண்ணுக்குள் போனார்கள். சூடு கண்ட பூனை அவள். 'இத்தோடு நிற்கட்டும்' என்ற பொருளில் மகனுக்குத் தொக்தார் என்று பெயர் வைத்து, செய்யக்கூடிய அத்தனையும் செய்துவைத்திருந்தாள். தலையணைக்கடியில் கத்தி. அணையாத விளக்கு. பொழுது சாய்ந்தால் அதிராஸ்பான் செடியை எரித்த புகை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சட்டை.

பிறந்த குழந்தைக்கு முதன்முதலாகப் போடுகிற சட்டை அது. நீண்ட ஆயுசு வாழ்ந்தவர் உடையிலிருந்து துணி எடுத்து, தையல் வெளியே தெரிய, ஓரம் மடிக்காமல், பொத்தான் வைக்காமல் தைப்பது. நாற்பதாம் நாள் அதில் மிட்டாய் முடிந்து நாயின் கழுத்தில் கட்டித் துரத்திவிடுவார்கள். குழந்தையின் நோய்நொடியெல்லாம் நாயோடு ஓடிவிடும். பிள்ளைகள் நாயைத் துரத்திப் பிடித்து மிட்டாயைத் தின்பார்கள். சட்டை பிள்ளையில்லாத ஒருத்திக்குப் போகும். அதை மடியில் வைத்திருந்தால் அவளுக்கும் தங்கும் என்று நம்பிக்கை. ஊரில் அதற்கு நாய்ச் சட்டை என்று பெயர். இப்போது ஒருத்தி டேப் ரெக்கார்டரோடு வந்து உட்கார்ந்துகொண்டு அதையெல்லாம்தான் கேட்கிறாள்.

முதல் நாள் தேநீரின்போதே ஆரம்பித்தாள். குழந்தைக்குக் கண் பட்டால் இங்கே என்ன புகை போடுவீர்கள், அதற்கு என்ன பெயர் என்றாள். வீடெல்லாம் அதிராஸ்பான் நெடி மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது. அடுப்பு சரியாக எரிவதில்லை, அதுதான் புகைகிறது என்று உல்துகன் முகம் மாறாமல் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் செத்தவர்களுக்காக எண்ணெயைக் காயவைத்து மெல்லிய ரொட்டி சுடுகிறீர்களே, அதை எப்படிச் சொல்வீர்கள் என்றாள். பசித்தால் சுடுவோம், அதற்கு ரொட்டி என்றுதான் பெயர் என்றாள் இவள். கொழுந்தன், மூத்தார் பெயரைச் சொல்லாமல் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றாள். "ஏங்கன்னு கூப்பிடுவோம்," என்று இவள் முடித்துக்கொண்டாள்.

அக்லிமாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. அவள் பண்டமாற்று செய்கிறவள்போலத் தன் பக்கத்துச் சரக்கை முதலில் எடுத்து வைத்தாள். மேற்கே கடற்கரைப் பக்கம் அந்த ரொட்டி சுடுவதைக் கொப்பரைக்கு எண்ணெய் காட்டுவது என்பார்கள், வேறு பக்கம் மணம் எழுப்புவது என்பார்கள், நீங்கள் எப்படி என்று கேட்டுவிட்டு, முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்கிறவளை உல்துகன் எப்படி நம்புவாள்?

"தெரிஞ்சவ எதுக்குடி கேக்கணும்? பிடிச்சுக் குடுக்கத்தான்," என்றாள் கம்ஷாத்.

கம்ஷாத் உல்துகனின் ஓரகத்தி, எசென்பெக்கின் அண்ணன் மனைவி. அடுத்த வீடுதான். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் அவளுக்கு வயிறு திறக்கவில்லை. ஊரில் எந்தக் குழந்தைக்கு நாற்பது கழிந்தாலும் நாய்ச் சட்டை அவளுக்குத்தான் வரும். அவள் பெட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே போடுகிற அளவு சட்டை இருந்தது. போட்டுக்கொள்ள ஒரு பிள்ளைதான் இல்லை. தொக்தாரின் சட்டையும் அவளுக்கென்றே பேச்சு. உல்துகனின் பிரசவத்தில் ராப்பகலாகக் கூட இருந்து கொழுப்பும் கறியும் ஆக்கிப்போட்டு எழுப்பி உட்காரவைத்தவள் அவள். அவள் பேச்சு இந்த வீட்டில் எடுபடும்.

கம்ஷாத்துக்குத்தான் முதலில் அது தோன்றியது. வந்தவள் அரசாங்கத்து ஆளாக இருந்தால்கூடத் தேவலை என்றாள். முப்பத்தைந்து வயசு இருக்கும், பிள்ளைகுட்டி இருக்கிற மாதிரி இல்லை, சுற்றிச் சுற்றி நாற்பது நாள் சமாச்சாரத்தையே கேட்கிறாள், என்ன அர்த்தம்? உல்துகன் அன்று சாயங்காலமே, உங்களுக்கு எத்தனை குழந்தை என்று அக்லிமாவிடம் கேட்டுவிட்டாள். "இல்ல," என்று சொல்லிவிட்டு அக்லிமா டேப் சுருளை மாற்றத் தொடங்கினாள். உல்துகனுக்கு இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. கணவனின் பதவி போனால் போகட்டும். இவள் வந்தது பிள்ளை வேண்டி, தொக்தாரின் சட்டைக்காக என்றால்?

அன்றிலிருந்து உள்ளறைக்குத் திரை போட்டாள். குழந்தை அழுதால் சத்தமாகப் பாட்டுப் பாடினாள். விருந்தாளியைப் பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் அக்லிமா நேராகவே கேட்டாள். குழந்தையின் முதல் சட்டைக்கு இங்கே என்ன பெயர்?

"சட்டைக்குச் சட்டைன்னுதான் பேரு."

அக்லிமா சிரித்தாள். பிறகு அந்தப் பாழாய்ப்போன பண்டமாற்றை ஆரம்பித்தாள்.

"கிழக்கே மலையடிவாரத்துல சில வீட்டுல அதைத் திருட்டுச் சட்டைன்னே சொல்றாங்க அக்கா. ஆசையா எடுத்துக் குடுத்தா பலிக்காதாம். கேக்காம, ஒருத்தருக்கும் தெரியாம எடுத்துட்டுப் போனாத்தான் வயித்துல தங்குமாம்."

கம்ஷாத் அப்போது விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணம் விளிம்பு வரை நிறைந்து தட்டில் வழிந்தது. விருந்தாளிக்குக் கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால் எழுந்து போ என்று அர்த்தம். அரைக்கிண்ணமாகத்தான் ஊற்ற வேண்டும், திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். ஓரகத்தி நாசூக்காகக் காட்டிவிட்டாள் என்று உல்துகனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அக்லிமாவுக்கும் புரிந்திருக்கும். அந்த நிறைகிண்ணத்தைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்து வைத்தாள்.

மறுநாள் காலை சட்டையைக் காணவில்லை.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது கழற்றித் துவைத்து அடுப்புச் சுவர்மேல் காயப்போட்டிருந்தாள். குழந்தையைத் துடைத்து, பால் கொடுத்துத் தொட்டிலில் கட்டிவிட்டு வந்து பார்த்தால் சுவர் வெறுமையாக இருந்தது. நடுவில் அக்லிமா வெந்நீர் எடுக்க அடுப்படிக்கு வந்து போனாள். உல்துகனே பார்த்தாள். கம்ஷாத்தும் எப்போதும்போல உள்ளே வெளியே போய்வந்துகொண்டிருந்தாள். வீட்டு ஆளை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

உல்துகன் முற்றத்தில் நின்று அக்லிமாவின் பையைத் திறக்கச் சொன்னாள். இந்த ஊர் உண்டான நாளிலிருந்து விருந்தாளியின் பையை யாரும் திறந்ததில்லை. சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூடிவிட்டார்கள். அக்லிமா முகம் வெளுத்துப்போய், தானே பையைக் கவிழ்த்தாள். மாற்றுத்துணி, டேப் சுருள்கள், யாரோ கொடுத்த காய்ந்த தயிர் உருண்டைகள், ஒரு சீப்பு. அவ்வளவுதான். டேப் ரெக்கார்டரின் உறைக்குள்ளும் பார் என்று கம்ஷாத்தான் கத்தினாள். அதிலும் இல்லை.

"ஒடம்புல சுத்தி வெச்சிருப்பா," என்றாள் உல்துகன்.

அக்லிமா அவளை நேராகப் பார்த்தாள். "நான் பேரைத்தான் கேட்டேன் அக்கா. சட்டையக் கேக்கல."

மதியம் ஒரு நெல் லாரி நகரத்துக்குப் போயிற்று. அக்லிமா அதில் கிளம்பிவிட்டாள். உல்துகன் வழியனுப்ப எழுந்திருக்கவில்லை. இரு, தின்றுவிட்டுப் போ என்று வாய்வார்த்தைக்குக்கூடச் சொல்லவில்லை. வாசல்வரை போன அக்லிமா திரும்பி வந்தாள். விரிப்பில் கிடந்த ரொட்டியில் ஒரு ஓரம் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். ரொட்டியைச் சுவைக்காமல் விருந்தாளி படி இறங்கினால் அந்த வீட்டுக்கு ஆகாது. அவமானப்பட்டுப் போகிறவள் எதற்காக அதைச் செய்தாள் என்று அப்போது உல்துகன் யோசிக்கவில்லை. இதுவும் நடிப்பு என்றுதான் நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் குழந்தைக்கு உடம்பு காய்ந்தது.

உல்துகனுக்கு உலகமே இருண்டுபோயிற்று. இதற்கு முந்தைய இரண்டும் இப்படித்தான் ஆரம்பித்தன. பண்ணை நர்ஸ் வந்து சொட்டுமருந்து கொடுத்துவிட்டு, குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவதுதான், பயப்படாதே என்றாள். பயப்படாமல் எப்படி இருப்பது? நாயோடு ஓடவேண்டிய நோய்க்கு ஏறிப்போக வண்டி இல்லை, சட்டை இல்லை. அது அல்மாட்டியில் எவள் மடியிலோ கிடக்கிறது. உல்துகன் அக்லிமாவை வாய்க்கு வந்தபடியெல்லாம் சபித்தாள். அவள் சபிக்கச் சபிக்கக் கம்ஷாத் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்கினாள். காய்ச்சல் குழந்தைக்கா இவளுக்கா என்று தெரியவில்லை. சோறு தண்ணி இறங்கவில்லை. தொட்டிலை விட்டு நகரவில்லை. பெற்றவளைவிட அதிகமாகப் பயந்தாள். எதற்கு இவ்வளவு?

சாயங்காலம் உல்துகன் தண்ணீர் எடுக்க வாய்க்காலுக்குப் போனாள். வாளியோடு திரும்பி வந்து திரைக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள்.

கம்ஷாத் தொட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

இந்த ஊரில் குழந்தையைக் கொஞ்சும்போதும், பெரியவர்களை வரவேற்கும்போதும், கடையில் கடன் சொல்லும்போதும்கூட 'ஐனலாயின்' என்பார்கள். உன்னைச் சுற்றி வருகிறேன் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுகிற சொல். ஆனால் ஒருவரும் சுற்றமாட்டார்கள். நோயாளியை நிஜமாகவே சுற்றி வந்தால் அந்த நோய் சுற்றுகிறவர்மேல் ஏறிவிடும். பெற்ற தாய்கூடத் துணிந்து செய்கிற காரியமில்லை அது. உல்துகன் தன் இரண்டு பிள்ளைகள் கிடந்தபோதும் சுற்றவில்லை. நினைத்தாள், கால் எழவில்லை. கம்ஷாத் சுற்றினாள்.

"ஐனலாயின் என் தங்கமே, நீ இரு. எங்கிட்ட குடுத்துட்டு நீ இரு. நீ போனா எனக்கும் ஒண்ணுமில்லடா."

குனிந்து நிமிர்ந்தபோது அவளுடைய மேற்சட்டை விலகியது. இடுப்பில், உள்பாவாடைக்கு மேலே, ஓரம் மடிக்காத, தையல் வெளியே தெரிகிற ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

வாளியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே பாய்ந்து அவள் முடியைப் பிடிக்கவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கொடுக்கப் போகிற பொருளைத் திருடியிருக்கிறாள். திருடியதும் போதாதென்று, வீட்டுக்கு வந்தவளைத் திருடியாக்கி, உறைக்குள் பார் என்று கத்தியிருக்கிறாள். வழிந்த அந்தக் கிண்ணம் யாரையும் எழுந்து போகச் சொல்லவில்லை என்று உல்துகனுக்கு இப்போது புரிந்தது. கொடுத்துக் கொடுத்துப் பலிக்காமல் பெட்டி நிறையச் சட்டையோடு இருந்தவளுக்கு, திருடினால் பலிக்கும் என்று யாரோ சொன்னால் கை ஆடாமல் என்ன செய்யும்?

ஆத்திரம் இருந்தது. ஆனால் உள்ளே போகவில்லை. நீ போனால் எனக்கும் ஒன்றுமில்லை என்கிறாள். செத்த குழந்தையின் சட்டை எந்த வயிற்றையும் திறக்காது. கம்ஷாத்துக்கு இந்தப் பிள்ளை உயிரோடு இருந்தாக வேண்டும். எசென்பெக் மகனுக்காகக் கவலைப்படுவான், வயல், கூட்டம், பதவி எல்லாவற்றுக்கும் நடுவில். தன்னைப்போலவே வேறு வேலையில்லாமல் இவன் மூச்சை எண்ணுகிற இன்னொரு மனுஷி இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான். அவள் இடுப்பிலிருந்து பிடுங்கிய சட்டையில் அவள் கண்ணீர்தான் ஈரமாக இருக்கும். அதை எடுத்து இவனுக்கு என்ன சடங்கு செய்வது?

உல்துகன் நாலடி பின்னால் போய், வாளியை நங்கென்று கல்லில் இடித்து, இருமிக்கொண்டு உள்ளே வந்தாள். கம்ஷாத் தொட்டிலருகே உட்கார்ந்து மேற்சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. நர்ஸின் சொட்டுமருந்தா, கம்ஷாத்தின் நடையா, யாருக்குத் தெரியும். இருவரும் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

நாற்பதாம் நாள் வந்தது. எசென்பெக் காதில் விழாததுபோல வயலுக்குப் போய்விட்டான். பெண்கள் உள்ளறையில் கூடினார்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஆளுக்கொரு வெள்ளி மோதிரத்தைப் போட்டார்கள். நாற்பது கரண்டி தண்ணீரைக் குழந்தைமேல் ஊற்றுகிற வேலையை, மூத்தவள் என்ற முறையில் கம்ஷாத்திடம் கொடுத்தாள் உல்துகன். நாயின் கழுத்துக்கு வேறொரு பழந்துணியில் மிட்டாய் முடிந்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. பட்டணத்துக்காரியை வறுத்தெடுக்கத் தொடங்கினார்கள். முகத்தைப் பார்த்தபோதே தெரியும் என்றாள் ஒருத்தி. அந்தக் கை விளங்குமா என்றாள் இன்னொருத்தி. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அன்று வேடிக்கை பார்த்தவள், திருடிய சட்டை அவள் வயிற்றை எரிக்கும், ஒரு புழு பூச்சிகூட என்று ஆரம்பித்தாள்.

கம்ஷாத்தின் கையிலிருந்த கரண்டி கிண்ண விளிம்பில் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"போதும். சபிக்காதீங்க," என்றாள் உல்துகன்.

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள். விரித்துவிட்டு ஒரு கணம் தயங்கினாள். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு போன அந்த முகம் கண்முன் நின்றது. அவள் திருடியில்லை என்று இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அடுத்த கேள்வி யார் என்றுதான் வரும். அக்லிமா இந்த ஊரில் திருடியாகவே இருந்துவிடுவாள். தெரிந்தே செய்கிற பாவம். உல்துகன் அதை ஏற்றுக்கொண்டாள்.

"எடுத்தவ யாரா இருந்தாலும் அவ மடி நெறையட்டும். என் புள்ள சட்டை அவளுக்குப் பலிக்கட்டும். அதப் போட்டுக்க ஒரு புள்ள பொறக்கட்டும். ரெண்டு பேரும் சேந்து வளரட்டும். ஆமீன்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனாலும் ஆசி சொன்ன பிறகு சும்மா இருக்கக்கூடாது. எல்லோரும் ஆமீன் சொல்லி, கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

கம்ஷாத் மட்டும் சொல்லவில்லை. ஒரு கையில் கரண்டி அப்படியே இருந்தது, மறு கை தானாக இடுப்பில் போய் அழுத்திக்கொண்டது. கண்ணீர் தாடையில் இறங்கிக் கிண்ணத்துத் தண்ணீரில் விழுந்தது. அவள் தலையைத் தூக்கி உல்துகனைப் பார்த்தாள். உல்துகன் அவளைப் பார்க்கவில்லை. குழந்தையின் கழுத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"தண்ணி ஆறுது அக்கா," என்றாள். "ஊத்துங்க."